அன்வாரண்டெட்

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் டைப்பிஸ்ட். ஆபீசில் ஒரே பெண். நாசரேத்தில் ஆங்கில வாத்தியாராக இருந்த அப்பா, தன்னோடு படித்த மேனேஜரிடம் நடையாய் நடந்து வாங்கித் தந்த வேலை.

ஒரு நாள் உப்பு மூட்டைகளைத் தூக்கும்போது கம்பிவடம் அறுந்து, சுமைகூலிக்காரர் ஒருவரின் வலது கை நசுங்கியது. வடம் நைந்துபோயிருக்கிறது என்று முந்தின வாரமே ஆட்கள் வந்து முறையிட்டது என் காதில் விழுந்திருந்தது. தொழிலாளர் துறை விசாரணைக்கான பதிலை மேனேஜர் சொல்லச் சொல்ல அடித்தேன். ஆட்களின் புகார் 'அன்வாரண்டெட்' என்றார். விரல் தயங்கியது.

"ஸ்பெல்லிங் தெரியலையா?"

"தெரியும் சார்."

விசாரணை ஆபீசிலேயே நடந்தது. அதிகாரி வெளிமாநிலத்துக்காரர். அவர் அந்தப் பதிலை ஆங்கிலத்தில் வாசித்ததும், கட்டுப்போட்ட கையோடு நின்றவர் வெலவெலத்துப் போனார்.

"வாரண்டா? என்னைப் பிடிச்சிட்டுப் போவப் போறாவளா?"

அதிகாரி என்னைப் பார்த்து, தமிழில் சொல்லும்படி கேட்டார். மேனேஜர் என் நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவில் நின்றிருந்தார். "தேவையில்லாததுன்னு சொல்லு, போதும்" என்றார் மெதுவாக.

தேவையில்லாதது என்றால் வேறு. பேயே இல்லாத இருட்டுக்குப் பயப்படுவதுதான் 'அன்வாரண்டெட்' என்ற சொல்லுக்குப் பள்ளியில் படித்த உதாரணம். அதாவது, அப்படிப் பயப்பட முகாந்திரமே இல்லை. எழுந்து ஓடவும் வழியில்லை.

"போலீஸ் வாரண்ட் இல்லண்ணே. நீங்க எந்தக் காரணமும் இல்லாம புகார் சொன்னீங்கன்னு எழுதியிருக்கு."

"காரணம் இல்லாமலா இந்தக் கையோட இங்கன வந்து நிக்கேன்? அந்த வடம் இன்னும் அங்கனதான கெடக்கு! வந்து பாக்கச் சொல்லும்மா."

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி எழுந்து துறைமுகத்துக்கு நடந்தார். வடத்தின் துருவேறிய பிசிறுகளை அவரே தொட்டுப் பார்த்தார்.

காயம்பட்டவருக்கு நஷ்டஈடும் வாசல் காவல் வேலையும் கிடைத்தன. என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். தகரக் கூரை, ஜன்னல் கிடையாது. ராஜினாமா செய்கிறேன் என்று ஊருக்குப் போய்ச் சொன்னேன்.

"அர்த்தம் சரியாத்தான் சொல்லியிருக்க," என்றார் அப்பா. "ஆனா வேலைய விட்டுராத. உனக்கு வேலை குடுத்தவன் முகத்துல நான் முழிக்கணும்."

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் திரும்பினேன். கல்யாணமாகும் வரை அந்தக் கிடங்கில்தான் இருந்தேன்.