விளக்குக்கு மேலே இருந்த எக்ஸ்ரே

போன ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை, என் வீட்டுக்காரரின் நுரையீரலில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு நிழல் இருப்பதாக பெங்களூரில் ஒரு டாக்டர் சொன்னார். அன்று முதல் மூன்று வாரம் நான் பட்ட பாட்டையும், முருகன் என்னை அதிலிருந்து தூக்கிவிட்டதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கிருத்திகை பஜனையில் மற்றவர்கள் எழுந்து தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். எனக்குப் பேச வாய் வராது. எழுதினால் முகம் தெரியாது அல்லவா, அந்தத் தைரியம்தான்.

நாங்கள் சாம்பியன் ரீப்ஸில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறோம். அவர் வாலிபத்தில் பத்து வருஷம் சுரங்கத்தில் இறங்கியவர். அது மூடிய பிறகு தினமும் ரயிலேறி பெங்களூர் போய் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார். பீடி, சிகரெட் தொட்டதில்லை. கம்பெனியில் எல்லோருக்கும் நடந்த செக்கப்பில்தான் இந்த நிழல் தெரிந்தது.

"ஊசி விட்டு சதை எடுத்துப் பார்க்கணும். கேன்சரா இருந்தா ஆபரேஷன்" என்றார் டாக்டர். "பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கா?"

"மைன் ஆஸ்பத்திரியையே மூடிட்டாங்க சார். எக்ஸ்ரே எங்க இருக்கும்?" என்றார் இவர். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். மூன்று வாரம் கழித்து ஊசிக்கு நாள் குறித்தார்கள்.

எங்கள் ஒரே மகள் கோமதி. அரசாங்க மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து அப்போது பயிற்சி டாக்டராக இருந்தாள். டாக்டர் மேல்படிப்பையும் ஆராய்ச்சிப் பட்டத்தையும் சேர்த்துப் படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முடிக்க இன்னும் ஆறேழு வருஷம் ஆகுமாம். எனக்குத் தலை சுற்றியது.

"வர்றவங்களுக்கு மாத்திரை எழுதிக் குடுத்தா போதாதாடி?" என்று கேட்டேன்.

"மாத்திரையே இல்லாத வியாதியும் கீதும்மா" என்றாள்.

அந்த எண்ணத்தை அவள் மனசிலிருந்து எடுத்துவிடு என்று தை மாதத்திலிருந்தே முருகனிடம் கேட்டு வந்தேன். ஆனியில் இன்னொரு வேண்டுதலும் சேர்ந்துகொண்டது. அவரைக் காப்பாற்று. காலையில் விளக்கேற்றி உட்கார்ந்தால் கண்ணீர்தான் வரும். ஆடிக் கிருத்திகைக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். நாள் நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. முருகா, ஒரு வழி காட்டு. வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

ஊசிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். சாமி படத்துக்கு மேலே இருக்கும் சின்ன ஜன்னலில் வெயில் விழுந்திருந்தது. அதில் வரிசையாக விலா எலும்புகள் தெரிந்தன.

எங்கள் லைனில் கண்ணாடி உடைந்தால் அந்த இடத்தில் எக்ஸ்ரே ஃபிலிம் வைத்து ஆணி அடிப்பது வழக்கம். வெளிச்சம் வரும், சாரல் வராது. சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். அதனால் வீட்டுக்கு வீடு ஃபிலிம் இருந்தது. கோமதி வயிற்றில் இருந்தபோது இதை அடித்தவள் நான்தான். இத்தனை வருஷமாக அதன் கீழே உட்கார்ந்து கும்பிட்டிருக்கிறேன். ஜன்னல் என்று நினைத்தேனே தவிர எக்ஸ்ரே என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

ஸ்டூலில் ஏறி ஆணிகளைப் பிடுங்கினேன். விளக்குப் புகையை ஈரத்துணியால் துடைத்தேன். மூலையில் அவருடைய சுரங்க டோக்கன் நம்பர் தெரிந்தது.

திங்கட்கிழமை அதைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துப் போனேன். வெட்கத்தில், எங்களோடு வந்த மகளிடம்கூடச் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய டாக்டரிடம் எங்கள் வீட்டு ஜன்னலை எப்படி நீட்டுவது? வீட்டுக்காரர் பெயரைக் கூப்பிட்டார்கள். நானும் எழுந்துவிட்டேன்.

"ஐயா, இது எங்க ஜன்னல்ல இருந்துச்சு. கொஞ்சம் பாருங்கய்யா."

கோமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாம்மா இது!"

டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். "ஆணி ஓட்டை எது, நிழல் எதுன்னு பார்க்கணுமே" என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. புது ஃபிலிமைப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அதே இடம். அதே அளவு. இருபது வருஷத்துக்கு மேல வளராம இருக்கறது கேன்சர் இல்லம்மா. கல் தூசி போட்ட தழும்பு. இன்னைக்கு ஊசி வேணாம்."

உறுதி செய்ய எடுத்த ஸ்கேனும் அதையே சொன்னது. வருஷம் ஒருமுறை காட்டினால் போதுமாம். இவர் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு, "அப்ப டீ சாப்பிடலாமா?" என்றார். நான் அங்கேயே அழுதேன்.

கோமதி மட்டும் நகரவில்லை. "சார், பக்கத்து வீட்டு முனுசாமி மாமாவும் அப்பாவும் சுரங்கத்துல ஒரே லெவல்ல, ஒரே ஷிப்ட்ல வேலை செஞ்சாங்க. அவர் இருமி இருமியே நாற்பத்தஞ்சுக்குள்ள போயிட்டார். அப்பாவுக்கு மட்டும் ஏன் அப்படியே நின்னுது?"

"தெரியாதும்மா" என்றார் டாக்டர். "வரிசையில நிக்கறவங்களைப் பார்க்கவே பொழுது போயிடுது. உட்கார்ந்து தேட எனக்கு நேரம் எங்க?"

திரும்பி வரும்போது ரயிலில் அவள் அந்தப் பழைய ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டியதும், "அதான்மா, அதைத் தேடத்தான் மேல்படிப்பு, ஆராய்ச்சி ரெண்டையும் படிக்கணும்" என்றாள். அந்தப் படிப்பு எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கோமதியும் லைனில் வீடு வீடாகப் போனோம். ஃபிலிமைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் ஷீட் அடித்துக் கொடுத்தோம். கதவைத் தட்டியது நான். யார் வீட்டுக் கதவையும் தட்டாதவள்.

முனுசாமி அண்ணன் மனைவி சரோஜா அக்கா வாசலில் நின்று சிரித்தார். "டாக்டர் பொண்ணு நாடி பார்க்க வரும்னு பார்த்தா, ஜன்னலைப் பேர்க்க வந்துகீதே!" பிறகு அவரே ஏறி ஃபிலிமைக் கழற்றி முந்தானையால் துடைத்துக் கொடுத்தார். "எடுத்துகினு போம்மா. அவரு ஏன் போனாருன்னு எனக்கு யாராச்சும் சொல்லட்டும்."

அந்த ஃபிலிம்களோடுதான் கோமதி நேர்காணலுக்குப் போனாள். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்களாம். மேசையில் ஒவ்வொன்றாக வைத்தாளாம். இடம் கிடைத்துவிட்டது. இப்போது படிக்கிறாள்.

நான் முருகனிடம் இரண்டு கேட்டேன். ஒன்றைக் கொடுத்தான். இன்னொன்றைக் கொடுக்காமல் விட்டான். பால்குடம் எடுத்தபோது இரண்டுக்கும் சேர்த்தே நன்றி சொன்னேன்.

வேண்டி வேண்டிச் சோர்ந்திருக்கும் அன்பர்களே, விளக்கேற்றியதும் சட்டென்று எழுந்து போய்விடாதீர்கள். கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். உங்களுக்கும் அவன் எதையாவது எதிரிலேயே வைத்திருப்பான்.

எங்கள் ஜன்னலுக்கு இவர் கண்ணாடி போட்டுவிட்டார். வரும் கிருத்திகைக்கு நான் தூணுக்கு முன்னால் உட்காரப் போகிறேன்.