உட்கார்ந்ததற்காக மெமோ வாங்கிய ரெஜினா அக்கா

ரெஜினா அக்கா போய்விட்டார். இன்று காலை, இரும்புலியூரில், மகள் வீட்டில்.

அழுதுகொண்டுதான் இருந்தேன்... பழைய கம்பெனி ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறக்கும் வரை.

அங்கே எங்கள் பழைய புரொடக்‌ஷன் ஆபீசர் இங்கிலீஷில் நீளமாக எழுதியிருக்கிறார். ரெஜினா மனிதர்களை முதலில் வைத்த தலைவியாம். அதற்கான சுதந்திரத்தை அவருக்குக் கொடுத்தது நம் கம்பெனியாம். கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜி.

கம்பெனி என்ன கொடுத்தது என்று நான் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்தில் ரேடியோ பாகங்கள் செய்கிற கம்பெனி. ஓடுகிற பெல்ட்டின் இரண்டு பக்கமும் ஸ்டூல் போட்டுப் பெண்கள், கையில் சால்டரிங் அயர்ன். சின்னச் சின்ன ஒயர்களுக்கு ஈயம் வைக்கிற வேலை. நான் செம்பாக்கத்திலிருந்து வந்து சேர்ந்த புதுப் பெண். ரெஜினா அக்கா அப்போது அதே லைனில் ஆபரேட்டர், பிறகுதான் எங்கள் சூப்பர்வைசர்.

பாத்ரூம் போவதற்கு லைனுக்கு ஒரே ஒரு பித்தளை டோக்கன். சூப்பர்வைசர் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கும். ஒருத்தி எடுத்துக்கொண்டு போனால், அவள் வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். போனவளின் இடத்தில் வேலை குவிந்து கிடக்கும். வந்ததும் திட்டு.

அதனால் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். மே மாதத்தில். காற்றடித்தால் அயர்ன் ஆறிவிடும் என்று ஃபேன் இல்லாத ஷெட்டில். நீர்க்கடுப்பு வராதவள் அந்த லைனிலேயே கிடையாது. மாதத்தில் அந்த மூன்று நாள் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத எனக்குக் கூசவில்லை. விதி போட்டவர்கள் கூசட்டும்.

ரெஜினா அக்கா சூப்பர்வைசர் ஆனதும் அந்த டோக்கனைத் தொடவே இல்லை. யாராவது நெளிந்தால் போதும், பக்கத்தில் வந்து நிற்பார். "போய்ட்டு வா. சீட்ல நான் இருக்கேன்." அவ்வளவுதான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, அயர்னை வாங்கி, வேலையை அவர் தொடர்வார். பெல்ட் நிற்காது. ஒரு பீஸ் குறையாது.

பல்லாவரத்திலிருந்து வந்த குல்சும் அப்போது நிறைமாதம். அடிக்கடி எழுந்திருக்க வேண்டிய நிலை. போகிறவள் சும்மா போக மாட்டாள். "அக்கா, நீ வெச்ச ஈயம் பல்லி எச்சம் மாரி கீது. நான் வந்து மறுபடி வெக்கணும்." அக்கா நிமிராமலே, "மொதல்ல போற வழியப் பாத்துப் போடி" என்பார். லைனே சிரிக்கும்.

அப்படி ஒருநாள் குல்சும் போயிருந்தாள், அவள் ஸ்டூலில் அக்கா. அப்போது ரவுண்ட்ஸ் வந்தார் ஆபீசர். இன்று குரூப்பில் உருகுகிறாரே, அவரேதான்.

சூப்பர்வைசர் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டார். நின்று பார்க்கத்தான் சம்பளம், உட்காருவதற்கு இல்லை என்றார். அக்கா எழுந்திருக்கவில்லை. அயர்ன் ஓடிக்கொண்டே இருந்தது.

"டோக்கன் இங்கியே தொங்குது. அந்தம்மா எப்படிப் போனாங்க?"

"நடந்துதான் போனா, சார்."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

மறுநாள் மெமோ. குற்றம்: பணி நேரத்தில் உட்கார்ந்திருந்தது. ஆமாம்... அப்படியேதான் இருந்தது. மன்னிப்புக் கேட்டு, இனி டோக்கன் விதிப்படி நடப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் சூப்பர்வைசராக இருக்கலாம். இல்லையென்றால் பழையபடி ஆபரேட்டர். சம்பளமும் இறங்கும்.

அக்காவின் வீட்டுக்காரருக்கு வேலை இல்லாத நேரம் அது. இரண்டு பிள்ளைகள். அக்கா சம்பளத்தில்தான் வீடு ஓடியது. எங்கள் எல்லோருக்கும் தெரியும். கேன்டீனில் நாங்களே கெஞ்சினோம். ஒரு வரிதானே, எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று.

அக்கா டிபன் பாக்ஸை மூடினார். "எழுதிட்டா அப்புறம் நான் உக்கார முடியாதே டி."

எழுதிக் கொடுக்கவில்லை.

ஒரே வாரத்தில் ஸ்டூலுக்கு வந்துவிட்டார், குல்சுமுக்குப் பக்கத்திலேயே. சூப்பர்வைசர் இடத்தில் ஓர் ஆண் நின்றுகொண்டு ஆணியைக் காவல் காத்தார்.

முதல் நாளே டோக்கன் வேறு யாரிடமோ. குல்சும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண்ணில் தண்ணீர். அக்கா கையை நீட்டி அவள் முன்னால் இருந்த வேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"போய்ட்டு வா. ரெண்டு சீட்டும் நான் பாக்குறேன்."

புது சூப்பர்வைசர் கத்தினார். குல்சும் போனாள். சிறிது நேரத்தில் எதிர்ப்பக்கம் இன்னொருத்தி எழுந்தாள், அவள் வேலையை நான் இழுத்துக்கொண்டேன். பெல்ட் நிற்கவில்லை. ஆபரேட்டர் உட்கார்ந்திருப்பதற்கு மெமோ கொடுக்க முடியுமா?

அதற்குப் பிறகு அந்த டோக்கனை எங்கள் லைனில் யாரும் கேட்கவில்லை.

ஆனால் ரெஜினா அக்காவை யாரும் மறுபடி சூப்பர்வைசர் ஆக்கவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குத்தான் பிரமோஷன். இடுப்பு தேய்ந்து, கண் மங்கி, ஆபரேட்டராகவே ரிடையர் ஆனார். மெமோ கொடுத்தவர் மேலே மேலே போனார். இப்போது காலேஜ்களில் தலைமைப் பண்பு பற்றிப் பேசுகிறாராம்.

சார், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். குரூப்பில் இருந்து யாராவது அனுப்பிவிடுவார்கள்.

நாளை காலை சர்ச்சுக்குக் கொண்டுபோவதற்கு முன் இரும்புலியூர் வீட்டில் வைத்திருப்பார்கள். வருவதானால் வாருங்கள். வாசலில் நாற்காலி போட்டிருக்கும்.

நீங்கள் நின்றே பாருங்கள்.

குல்சுமும் வருகிறாள், பேரன் கூட்டி வருகிறானாம்.

போய்ட்டு வாங்க அக்கா... சீட்ல நாங்க இருக்கோம்.