ஒரு ஆசிட்டுக்கு ரெண்டு சோடா

அம்மா இறந்த ஐந்தாம் நாளே வேலைக்குப் போய்விட்டேன். சொந்தக்காரர்கள் திட்டினார்கள். வீட்டில் அம்மாவின் சட்டி பானைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. அதோடு, ஈப்போவில் இரும்புக்கு முலாம் பூசும் அந்தக் கம்பெனியில் மூன்று மாதம் ஒழுங்காக வேலை செய்தால்தான் என்னை நிரந்தரமாக்குவார்கள். இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவளுக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

இரும்பைக் கழுவிய கந்தக ஆசிட் தண்ணீரில் காஸ்டிக் சோடா கலந்து, ஆசிட்டின் வேகம் அடங்கியதும் வால்வைத் திறந்து கால்வாயில் விட வேண்டும். அதுதான் என் வேலை. எத்தனை கிலோ சோடா என்று சூப்பர்வைசர் அண்ணன் சொல்லுவார். அன்று அவர் லூமுட் போயிருந்தார். தொட்டியில் இருபத்தைந்து கிலோ ஆசிட் என்று மட்டும் போர்டில் எழுதியிருந்தார். பக்கத்தில் எப்போதும் இருக்கும் சமன்பாடு. அதில் ஒரு ஆசிட்டுக்கு இரண்டு சோடா.

போன் போட்டுக் கேட்க வெட்கம். ஒரு டின் அரிசிக்கு இரண்டு டின் தண்ணீர் என்றுதான் அம்மா எனக்குச் சோறாக்கக் கற்றுக்கொடுத்தார். அதே கணக்கில் இரண்டு மூட்டை, ஐம்பது கிலோ சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினேன். வால்வில் கை வைக்கும் முன் பிஎச் தாளை நனைத்தேன். கருநீலம். ஆசிட் போய், இப்போது தோலை உரிக்கும் சோடாத் தண்ணீர்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். வேலைக்காகவா அம்மாவுக்காகவா, தெரியவில்லை.

லேபில் பயிற்சிக்கு வந்திருந்த, சிலிம் ரிவர் ஊர்ப் பெண் ஓடிவந்தாள். என்னைவிட மூன்று வயது சின்னவள்.

"எவ்ளோக்கா போட்டீங்க?"

"ரெண்டு மூட்டை. போர்டுல ரெண்டுன்னுதானே இருக்கு."

"அது எடை இல்லக்கா, எண்ணிக்கை. ஒரு மோட்டர்சைக்கிளுக்கு எத்தன டயர்?"

"ரெண்டு."

"அப்ப நூறு கிலோ மோட்டர்சைக்கிளுக்கு எரநூறு கிலோ டயரா மாட்டுவீங்க?"

அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன்.

ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதினாள். மோல் என்பதும் டஜன் மாதிரி ஓர் எண்ணிக்கைதானாம். ஒரு மோல் ஆசிட் தொண்ணூற்றெட்டு கிராம். ஒரு மோல் சோடா நாற்பது, இரண்டு மோல் எண்பது.

"தொண்ணூத்தெட்டு கிலோ ஆசிட்டுக்கு எம்பது கிலோ சோடான்னா, இருபத்தஞ்சுக்கு எவ்ளோ? நீங்களே போடுங்க."

எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அவள் பென்சிலைப் பிடுங்கவே இல்லை. இருபது கிலோவும் கொஞ்சமும் வந்தது. ஒரு மூட்டைகூட முழுதாகத் தேவையில்லை.

"மிச்ச சோடாவ என்னா பண்றது?"

"இருக்கட்டும்லா. இன்னும் முப்பத்தாறு கிலோ ஆசிட்டத் தாங்கும். அடுத்து வர்ற ஆசிட் தண்ணிய மெதுவா இதுலயே விடுவோம்."

அந்த வாரம் எல்லாரும் என் தோளைத் தட்டி, விதி என்றார்கள். அவள் ஒருத்திதான் கையில் ஒரு கணக்கைக் கொடுத்தாள். அந்தக் கால் மணி நேரம் அம்மா இல்லை என்பதை மறந்திருந்தேன். பிறகு அதற்காகவும் அழுதேன். ஆனாலும் அவளுக்கு நான் பட்ட நன்றிக்கடன் பெரிது.

மறுநாள் சூப்பர்வைசரிடம் நானே போய்ச் சொன்னேன்.

"வால்வத் தொறந்தியா?"

"இல்லண்ணே."

"அப்ப ஏன் மூஞ்சிய இப்டி வச்சிருக்க? இனிமே நீயே கணக்குப் போடு, நான் பாக்குறேன்."

தினமும் போட்டேன். நிரந்தரக் கடிதம் வந்தபோது அவள் பயிற்சி முடிந்து போயிருந்தாள். படம் எடுத்து அனுப்பினேன்.

"சம்பளம் எத்தன மோலுக்கா?" என்று பதில் வந்தது.