கம்பி ஹீட்டரும் தின்னர் வாசனையும்

இன்று அக்காவோடு செங்கல்பட்டுக்குப் போய் ஒரு ஹீட்டர் வாங்கி வந்தேன்.

கடப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கரண்டு வந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது. பின்பக்க அறையில் நாங்கள் இருவரும் சிப்பிகளை ஒட்டிப் பொம்மை செய்கிறோம். மார்கழிக் கடல்காற்றில் விரல்கள் விறைத்துப்போகின்றன, பசையும் காய்வதில்லை.

கடைக்காரர் திறந்த கம்பிச்சுருள் ஹீட்டர் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதையே வாங்கிவிடலாம் என்றிருந்தேன். திடீரென்று அவர் மூக்கைச் சுளித்தார்.

"இன்னாம்மா, உம்மேல தின்னர் வாசனை வருது?"

"பொம்மைக்குத் தின்னர் கலந்த வார்னிஷ் அடிக்கிறோம் அண்ணாத்த. ஹீட்டர் வைக்கப்போற அதே ரூம்லதான்."

அவர் ஹீட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இத்த அங்க வச்சா வூடே பத்திக்கும்மா!"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவின் கைக்குழந்தை அந்த அறையில்தான் தூங்கும்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "வார்னிஷ வெளிய வெயில்ல அடிச்சுக்கலாம். தின்னர் டப்பாவும் வெளியவே கெடக்கட்டும். உள்ள ஒட்டற வேல மட்டும் பண்ணலாம்டி."

"அப்ப சரி" என்று கடைக்காரர், முன்னால் வலை போட்ட ஹீட்டராகப் பார்த்துக் கொடுத்தார்.

இப்போது அறை கதகதப்பாக இருக்கிறது. குழந்தை தூங்குகிறது. எனக்கும் பயம் தெளிந்துவிட்டது.

கடலிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர்தான் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவரைக் கிளப்ப வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.