வாய்க்குள் ஒரு பித்தளை வாஷர்

போர்க்காலத்தில், சயாம் காட்டில் ரயில் பாதை போடும் வேலைக்குப் போகிறவர்கள் மூன்றே மாதத்தில் திரும்பிவிடுவார்கள் என்று பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டார் நம்பினார்கள். ஒன்பது வயதான எனக்கு அந்த மூன்று மாதமே அதிகமாகத் தோன்றியது.

இன்று காலை பொத்தான் டின்னைக் கொட்டியபோது அந்தப் பித்தளை வாஷர் உருண்டு வந்தது. அதன் கைப்பு நாக்கில் ஊறியது.

ரயில்வே பட்டறையில் வேலைசெய்த அப்பா, வீட்டிலிருந்த மடக்குக் கத்திகளை அவ்வப்போது கழற்றித் துடைத்து, தேங்காய் எண்ணெய் இட்டுப் பூட்டுவார். ஒரு பாகம் குறைந்தாலும் கத்தியை வாசல் தாண்ட விடமாட்டார். அண்ணன் சயாமுக்குப் புறப்படும் காலையில் அவனுடைய கத்தி செய்தித்தாளின்மேல் பிரிந்து கிடந்தது. அது பூட்டப்படாவிட்டால் அவனும் போகமாட்டான் என்று நினைத்து, வாஷரை எடுத்து வாய்க்குள் அடக்கிக்கொண்டேன்.

"பாப்பா, வாஷரைப் பாத்தியா?" என்றான் அண்ணன்.

இல்லையென்று தலையாட்டினேன்.

"என்ன, வாயில கொழுக்கட்டையா?"

"அது இல்லாமப் பூட்டினா கத்தி ஆடும்டா, கையை வெட்டிரும்" என்றார் அப்பா.

"லோரி வந்துருச்சுப்பா. கெடக்கட்டும்லா, வந்து பூட்டிக்கிறேன்."

கத்தியில்லாமலே அவன் காட்டுக்குப் போனான். போய்வா என்று சொல்லவும் நான் வாயைத் திறக்கவில்லை.

போர் முடிந்தும் அவன் வரவில்லை. அப்பா கடைசிவரை அந்தக் கத்தியைப் பூட்டவில்லை. நானும் வாஷரைக் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் இருந்தவர்களில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.