எலிக்கார அண்ணனின் இரண்டு நிமிடங்கள்

கூண்டைத் திறக்குமுன் நகத்தால் இரண்டு தட்டு தட்டி, "எழுந்தாச்சா?" என்று கேட்பார். பதில் வந்ததுபோல் தலையாட்டிவிட்டுத்தான் மூடியைத் தூக்குவார். எங்கள் ஆய்வகத்தில் அவர் பெயர் எலிக்கார அண்ணன். வாசனை பட்டால் எலிகள் மிரளும் என்று பதினோரு வருடமாக மணச் சோப்பைத் தொட்டதில்லை. "வீட்டுல கேக்குறா, எலிக்காக சோப்பை விட்டவரு எனக்காகக் குறட்டையை விடக் கூடாதான்னு."

பார்க்கின்சன் நோயில் சாகும் நரம்பணுக்களை, இங்கே எலியின் மூளையில் ஒரு ரசாயனத்தால் சாகடிக்கிறோம். அதற்கு முன்பே சில எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன், சிலவற்றுக்கு வைட்டமின் ஈ, சிலவற்றுக்கு இரண்டும், மீதிக்கு வெறும் எண்ணெய். எதற்கு எது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "ஆம்பளை எலிக்குப் பொம்பளை ஊசியா? மீசை கொட்டிடப் போகுது, பாத்துக்கோங்கம்மா" என்றார் முதல் நாள்.

எலியின் முன்னங்காலில் பொட்டளவு ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டும். அதைப் பல்லால் பிய்க்க எத்தனை விநாடி என்று குறிக்க வேண்டும். இரண்டு நிமிடம் வரம்பு. அண்ணன் கையில் எலிகள் நெளிவதில்லை. அதனால் அந்த வேலை அவருடையது.

பதினேழாம் எலிக்கு முதல் வாரம் நூற்றுப் பதினைந்து விநாடி. மூன்றாம் வாரம் முப்பத்தெட்டு. அந்த வரைபடத்தை அச்சிட்டு என் மேசைக்கு எதிரே ஒட்டினேன். அம்மா இதே நோயில் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஏதோ ஒன்று காக்கிறது என்று நம்பினேன்.

போன செவ்வாய், கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். பதினேழாம் எலி தாளைக் கடித்தது, தவறவிட்டது, மறுபடி கடித்தது. அண்ணன் சுண்டுவிரலால் தாளின் ஓரத்தை மெல்லக் கிளப்பிவிட்டார். மீதியை எலி உருவிக்கொண்டது. கடிகாரத்தை நிறுத்தினார். நான் கதவைத் திறந்து உள்ளே போனேன்.

"எத்தனை நாளா அண்ணே?"

"பத்து நாள் இருக்கும்." கடிகாரத்தைச் சட்டையில் துடைத்தார். "இது ஒண்ணுக்குத்தாம்மா. மத்ததெல்லாம் கெட்டிக்காரனுங்க. ஒரு துண்டுத் தாளுக்கு இந்தப் பாடு படுது. பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்குறது?"

"நானும் சும்மா இருக்கல அண்ணே. ரெண்டு வருஷம் அம்மாவுக்கு நானே பொத்தான் போட்டுவிட்டேன். அவங்களால எவ்வளவு முடிஞ்சுதுன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல."

அவர் பதிவேட்டை எடுத்து, தான் எழுதிய பத்து எண்களையும் தானே அடித்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் கையெழுத்துப் போட்டார். "இனிமே அது என்ன பண்ணுதோ அதுதான்."

வரைபடத்தைக் கழற்றிவிட்டேன்.

இன்று காலை பதினேழின் முறை. நாற்பது விநாடி. ஐம்பது. தாள் அசையவில்லை. "மெதுவாடா, யாரும் துரத்தல" என்றார் எலியிடம். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.