மோட்டார் கணக்கில் அம்மா

இலவசமாக இருந்தவரை எங்கள் பெட்டிக்கு ஊர் ஊராக ராஜ மரியாதை. மாதம் இவ்வளவு என்று வாயைத் திறந்த மறுநாளே டெல்டாவில் இருக்கும் அத்தனை வயதானவர்களும் திடகாத்திரமாகிவிட்டார்கள். "எங்கப்பாவுக்கு என்னங்க, இன்னமும் சைக்கிள் மிதிக்கிறாரு" என்றார் ஒருவர். அதே அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்த கதையைச் சொல்லி எங்களிடம் பெட்டி கேட்டு வாங்கியவர்தான் அவர்.

பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சோப்பு டப்பா அளவில் சுவரில் மாட்டும் ஒரு கருவி. தனியாக இருக்கும் வயதானவர் வெகுநேரம் வீட்டுக்குள் நடமாடவில்லை என்றால் அது கண்டுகொள்ளும். கையில் வளையலோடு வளையலாகப் போட்டுக்கொள்ள ஒரு பட்டனும் உண்டு. விழுந்தால் அழுத்தலாம், தண்ணீர் பட்டாலும் கெடாது. எதுவானாலும் பிள்ளைகளின் போனுக்கு ஓர் அழைப்பும் பின்னாலேயே ஒரு மெசேஜும் போகும். கரண்ட் போனாலும் வந்தாலும்கூட மெசேஜ் போகும். தஞ்சாவூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், அரசாங்கப் பணத்தில் நடந்த திட்டம் அது. நான் அதில் சம்பளத்துக்கு இருந்தவள்.

திட்டக்காலம் முடிந்தது. நிறைவு விழாவில் சால்வை, மிக்சர், குழுவாக ஒரு புகைப்படம். பெட்டிகள் வீடுகளிலேயே இருக்கட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். உள்ளே இருக்கும் சிம்முக்கு யார் ரீசார்ஜ் செய்வது, பேட்டரி போனால் யார் போய் மாற்றுவது என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. மேடையில் பேசிய எல்லோரும் "இது தொடர வேண்டும்" என்றார்கள். அப்படிச் சொல்வதற்கு ஒரு செலவும் இல்லை. அன்றைக்கு வந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. நானும், கருவியைச் செய்த இன்ஜினியரும் கும்பகோணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அறை எடுத்தோம். கம்பெனி என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டு, மாதக் கட்டணம் கேட்டுக் கிளம்பினோம்.

முதலில் பெரிய வீடுகளுக்குப் போனோம். பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிற வீடுகள். அங்கே பேரமே இல்லை. ஒரு வருடக் கட்டணம் போன் வழியாகவே வந்து விழுந்தது. பிழைத்தோம் என்று என் கூட்டாளி டிகிரி காபி வாங்கிக் கொடுத்தார். அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை. ஒருவரை மகன் சென்னைக்கு அழைத்துப் போனான். இன்னொருவரைக் கோயம்புத்தூர் பக்கம் முதியோர் குடியிருப்பில் சேர்த்தார்கள். ஒருவர் காலமானார். பூட்டிய வீட்டில் பெட்டி யாரைப் பார்த்துக்கொள்ளும்? புதிதாகச் சேரவும் அந்தத் தெருக்களில் ஆளில்லை. அவற்றை நம்பிக் கடை நடத்த முடியாது என்பது புரிந்துவிட்டது. ஆட்கள் நிறைய இருந்த மற்றத் தெருக்களிலோ, "யோசிச்சு சொல்றோம்" என்பதோடு பேச்சு முடிந்தது.

அந்த மற்றத் தெருக்களில் ஒன்றில்தான் அந்த அம்மா இருந்தார். திருவாரூர் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிய ஊர். அவரும் கணவரும் பண்ணையில் கூலிக்கு நட்டு, அறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கியவர்கள். கணவர் காலமாகிவிட்டார். இரண்டு மகன்கள். மூத்தவர் அதே ஊரில் விவசாயம் பார்க்கிறார், இளையவர் திருவாரூரில் பள்ளி ஆசிரியர். அந்த அம்மா ஒருமுறை கொல்லையில் விழுந்துவிட்டார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் நடவுக்குப் போயிருந்ததால், வெயில் ஏறும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். அதன் பிறகு மகன்கள் கூடிப் பேசி, மாதத்துக்கு ஒருவர் வீடு என்று முறை வைத்துவிட்டார்கள்.

அந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்பதைத் தவிர. "நல்லாதான் பாத்துக்கிட்டாங்க பாப்பா. ஆனா ரெண்டு வீட்டுலயும் என் பைய மாட்ட எனக்குன்னு ஒரு ஆணி இல்ல. மாசம் முடிஞ்சா பையத் தூக்கணும்" என்று என்னிடம் சொன்னார். பெட்டி வந்த பிறகுதான் அவருக்கு அவர் வீடு திரும்பக் கிடைத்தது. ஏதாவது என்றால் போன் வரும் என்ற தைரியத்தில்தான் மகன்கள் அவரைத் தனியாக விட்டார்கள். பெட்டி நின்றால் அவர் மறுபடியும் பையைத் தூக்க வேண்டும். இது அவருக்கும் தெரியும், மகன்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் கட்டணம் பேசப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மகன்களும் வந்திருந்தார்கள்.

"தம்பி மாசச் சம்பளக்காரன். அவன் குடுக்கட்டும்" என்றார் மூத்தவர்.

"நெலத்துல வர்றது பூரா அண்ணன் கையிலதான் இருக்கு. அவரு குடுக்குறதுதாங்க நியாயம்" என்றார் ஆசிரியர்.

நாங்கள் கேட்டது ஒன்றும் பெரிய தொகை இல்லை. இருவரும் டீக்கடையில் விடுவது அதைவிட அதிகமாக இருக்கும். ஆனால் பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யார் கூட இருந்தது, போன தீபாவளிக்கு யார் மனைவி யாரைப் பார்த்து என்ன சொன்னாள், எல்லாம் வெளியே வந்தது. நடுவில் நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கொடுத்த கலரைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாத அந்த அம்மா எழுந்து போய், சுவரிலிருந்து பெட்டியைக் கழற்றினார். முந்தானையால் தூசியைத் துடைத்து என் மடியில் வைத்தார். கையில் இருந்த பட்டனையும் கழற்றித் தந்தார்.

"எடுத்துக்கிட்டுப் போ பாப்பா. என் ஒருத்தியால அண்ணன் தம்பி பேச்சு அத்துப்போவ வேணாம்."

மகன்கள் இருவரும் "அட, என்னம்மா நீ" என்றார்கள். நான் கொடுக்கிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வருத்தத்தில் இல்லை, கோபத்தில். எனக்குக் கோபம் வந்தாலும் அழுகைதான் வரும், பிறவிக் கோளாறு.

மூத்தவர் வண்டி வரை கூட வந்தார். சமாதானமாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"மேடம், இந்தப் பெட்டி கரண்டு போனா வந்தா மெசேஜ் அனுப்புதே, இதயே மோட்டார் கொட்டாயில மாட்ட முடியுமா? த்ரீ ஃபேஸ் கரண்டு எப்ப வருது, மோட்டாரு எப்ப நிக்கிதுன்னு தெரிஞ்சா பெரிய உபகாரமா இருக்கும்."

சின்ன மாற்றம் செய்தால் முடியும் என்றேன். மாதம் எவ்வளவு என்று கேட்டார். அம்மாவுக்குச் சொன்ன அதே தொகையைச் சொன்னேன். அவர் வாசலில் நின்ற தம்பியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய், மோட்டாருக்கு இதுல ஒண்ணு போட்டுருவமா?"

"போட்டுருண்ணே. பாதி நான் குடுத்துர்றேன்."

அவ்வளவுதான், முடிந்தது. என்னால் தாங்க முடியவில்லை. "பெத்த தாய்க்கு இல்லாத காசு மோட்டாருக்கு மட்டும் எங்கேருந்துங்க வந்துச்சு?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. தலையைச் சொறிந்துகொண்டார். "மோட்டாரு பொதுங்க. ஆளுக்குப் பாதின்னு அப்பாவே சொல்லிட்டுப் போயிட்டாரு. அம்மாவ அப்படி யாரும் சொல்லி வெக்கலயே. இன்னைக்கி நான் மொதல்ல குடுத்தேன்னா, அதோட அம்மா எம்பொறுப்புன்னு ஆயிடும். தம்பியும் அதத்தான் நெனைக்கிறான்" என்றார்.

கும்பகோணம் வந்து சேரும்வரை அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் யோசிக்க யோசிக்க, அவர் உள்ளதைத்தான் சொன்னார் என்று பட்டது. இந்தப் பக்கம் நிலம் பிரியும், வீடு பிரியும், போர்வெல் மட்டும் லேசில் பிரியாது. ஆளுக்கொரு போர்வெல் போட யாருக்குக் கட்டுப்படியாகும்? அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற பங்காளிகள்கூட, மோட்டார் காயில் எரிந்து போனால் அவரவர் பங்கை ஒழுங்காகக் கொடுத்துவிடுவார்கள். மோட்டாருக்குக் காசு வர எல்லாக் குடும்பத்திலும் ஒரு பழகிய வழி இருந்தது. வயதானவர்களுக்கு அப்படி ஒரு வழி இல்லை. நாங்கள் அந்த இல்லாத வழியில் நின்றுகொண்டு காசு கேட்டிருக்கிறோம்.

கூட்டாளியிடம் சொன்னேன். அவர் சட்டென்று, "அப்ப மோட்டாருக்குக் காசு வாங்குவோம். வீட்டுப் பெட்டிய அதோட சேத்து விட்டுடுவோம்" என்றார்.

எனக்குக் கூசியது. வயதானவர்களைக் காப்பாற்ற அரசாங்கம் கொடுத்த பணத்தில் செய்த பொருளை, மோட்டாரோடு வரும் இலவச இணைப்பாக்குவதா? "வேற வழி இருந்தா சொல்லுங்க" என்றார். என்னிடம் இல்லை. மோட்டாருக்கான கருவிகள் கடையிலும் கிடைக்கின்றனதான். ஆனால் பழுதானால் வயலுக்கே வந்து பார்க்க ஆள் கிடையாது. நாங்கள் எப்படியும் பேட்டரி மாற்ற ஊர் ஊராகப் போகிறவர்கள்.

அடுத்த வாரம் மோட்டார் பெட்டியோடு வீட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போனேன். அவர் பெட்டியைத் தொடவில்லை.

"இது யாரு கணக்கு?"

"மோட்டார் கணக்கும்மா. ரெண்டும் ஒண்ணுதான்."

"மோட்டாருன்னா சண்ட வராது" என்று சொல்லிவிட்டு, பட்டனை மாட்டிவிடும்படி கையை நீட்டினார். எனக்கு அப்போது சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அதே பேச்சைப் பக்கத்து ஊர்களில் பேசிப் பார்த்தோம். முன்பு யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் எல்லாம் யோசிக்காமலே சரி என்றார்கள். இன்று எங்கள் சம்பளம், அறை வாடகை எல்லாமே மோட்டார் வழியாகத்தான் வருகிறது.

குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருந்த சமயம் அது. ஒருநாள் காலையில் மூத்தவரின் போனுக்கு எங்கள் எண்ணிலிருந்து அழைப்பு போயிருக்கிறது. மோட்டார் நின்றாலும் இப்படித்தான் அழைப்பு போகும். மோட்டாருக்கும் வீட்டுக்கும் ஒரே எண்தான், எது என்பது பின்னால் வரும் மெசேஜில் இருக்கும். எண்களைப் பிரிக்க வேண்டும் என்று கூட்டாளி சொல்லிக்கொண்டே இருந்தார், அதற்கு நேரம் கிடைக்கவில்லை. மூத்தவர் மெசேஜைப் படிக்கவில்லை. மோட்டார் நின்றுவிட்டது, நாற்று காய்ந்துவிடும் என்று இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடியிருக்கிறார். மோட்டார் கொட்டகைக்கு அம்மாவின் கொல்லை வழியாகத்தான் போக வேண்டும். அங்கே துவைக்கிற கல்லில் மண்டை அடிபட்டு அம்மா கிடந்தார், பட்டனை அழுத்திப் பிடித்தபடி.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது தையல் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் ரத்தம் நிறையப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். மூத்தவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

"மோட்டாருன்னு நெனச்சுதாங்க ஓடுனேன்" என்றார்.

"எதுக்காக ஓடினா என்னங்க, நேரத்துக்குப் போயிட்டீங்கள்ல" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "இல்ல மேடம். அம்மான்னு தெரிஞ்சிருந்தா, மொதல்ல தம்பிக்குப் போன் போட்டு, உனக்கும் வந்துச்சாடான்னு கேட்டுக்கிட்டு நின்னுருப்பேன்." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

தையல் பிரித்ததும் அந்த அம்மா நேராகத் தன் வீட்டுக்குத்தான் போனார். பெட்டி வேலை செய்ததே, பிறகென்ன என்று மகன்களும் தடுக்கவில்லை. நடந்ததைக் கேள்விப்பட்ட கூட்டாளி பதறிப்போய், அன்றைக்கே எண்களைப் பிரித்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தார். நான் விடவில்லை. இப்போது எங்களிடம் சேரும் எல்லாக் குடும்பத்துக்கும் மோட்டாருக்கும் வீட்டுக்கும் ஒரே எண்தான். ஏன் என்று கேட்பவர்களிடம், செலவு மிச்சம் என்று சொல்லிவிடுகிறோம்.